ஏறுமுன் ஒன்று, இறங்குமுன் ஒன்று

நவம்பர் 9, ஞாயிறு

புது நோட்டு. அலுவலகத்தில் கொடுக்கும் பீல்டு புக் இல்லை, கடையில் வாங்கியது. இருபத்தாறு வருஷமாக அடுத்தவன் நிலத்தை அளந்து எழுதிவிட்டேன். இந்த மூன்று மாதம் எங்களை அளந்து எழுதப் போகிறேன்.

பிப்ரவரி 8-ஆம் தேதி மலை ஓட்டம். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 2,900 மீட்டர், பதினான்கு மணி நேரம் கெடு. பெங்களூர்க்காரர்கள் நடத்துகிறார்கள். நானும் இந்திராணியும் ஜோடிப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். வழியில் ஏழு சாவடி. ஒவ்வொன்றிலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் அட்டையில் முத்திரை. ஒருவர் பின்தங்கினால் இரண்டு பேரும் அவுட். போன வருஷம் கடைசிச் சாவடிக்குப் பதினொரு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினொரு நிமிஷம் யாருடையது என்று நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கே தெரியும்.

நாற்பத்தொன்பது வயது சர்வேயரும் நாற்பத்தைந்து வயது சத்துணவு அமைப்பாளரும் டவுசர் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் பெரியகுளத்தில் எங்கள் தெருவில் இல்லை. சிரிக்கட்டும். பிள்ளை இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

அடிவாரத்து மாந்தோப்பிலிருந்து செங்காவி வரை. 9 கி.மீ., ஏற்றம் 1,150. ஏற 2 மணி 52 நிமிஷம். இறங்க 2 மணி 5. இறக்கத்தில் இவ்வளவு நேரம் ஆனால் உருப்பட்ட மாதிரிதான். இந்திராணிக்கு இடது முட்டி வலி. ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிக் காலை வைக்கிறாள்.

போன வருஷ ஓட்டத்தில் பார்த்த கோயம்புத்தூர்க்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒல்லியான மனுஷன், பத்து வருஷமாக ஓடுகிறவர். வலி வந்த பிறகு மாத்திரை போடுவது வீண், வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும், ஏறுமுன் ஒன்று, இறங்குமுன் ஒன்று என்றார். அதற்காகவே ஒரு அட்டை வலி மாத்திரை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். கிளம்பும்போது ஒன்று கொடுத்தேன், மேலே போனதும் ஒன்று. இனிமேல் ‘மா.’ என்று குறித்துக்கொள்கிறேன். இன்று மா. 2. எனக்குத் தேவைப்படவில்லை. காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்து நடந்த கால் இது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். அதற்கு மேல் சுமந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மூன்றாவது வளைவில் அவள் தன் பாட்டிலை எடுத்தாள், வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அரை மணிக்கு இரண்டு மடக்கு. நானே அளந்து கொடுக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

முட்டி வலி இல்லை என்கிறாள். நல்ல மாத்திரை.

நவம்பர் 30, ஞாயிறு

ஏற 2 மணி 38. மா. 2.

செங்காவிக்குள் செருப்பு, ஷூ எதுவும் போடக் கூடாது. மலைமேல் நாற்பது வீடு, ரோடு கிடையாது. ஊர் முழுக்கச் சாமி நிலம் என்பது அவர்கள் கணக்கு. எல்லையில் ஒரு கல் நட்டிருக்கிறது. அங்கே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நானூறு மீட்டர் வெறுங்காலோடு நடந்து, மறுபக்கத்துக் கல்லருகே உட்கார்ந்து மாட்டிக்கொள்ள வேண்டும். தபால்காரர் முதல் கலெக்டர் வரை இதுதான். ஓட்டம் நடத்துகிறவர்கள் அனுப்பிய விதிமுறையிலும் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் இந்தக் கழற்றி மாட்டும் வேலையிலேயே ஐந்து நிமிஷம் போனது. அதனால் இன்று அவளை நாலு தடவை கழற்றி மாட்டச் சொன்னேன். கழற்ற 20 நொடி, மாட்ட 55 நொடி. கல்லுக்குப் பக்கத்தில் விறகுக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஊர்க்காரர் சடையாண்டி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “எதுக்கு சார் அந்தம்மாவப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?” என்று கேட்டார். இந்திராணி அவரைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

2 மணி 31. மா. 2. கீழே வந்ததும் தோப்பில் சப்போட்டா தின்றோம். அவள் மடியில் தோல் விழாமல் ஒரே சுருளாக உரித்தாள். நல்ல நாள்.

டிசம்பர் 15, திங்கள்

நேற்று எழுதவில்லை. நேரம் 2 மணி 44, எழுதுகிற மாதிரி இல்லை. மா. 2. ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தாள். கடலை மிட்டாய் ஒத்துக்கொள்ளவில்லை போல. பேரீச்சம்பழத்துக்கு மாற்ற வேண்டும்.

ஒரு நாள் ஓட்டம் போதாது. நாளையிலிருந்து செவ்வாயும் வியாழனும் விடியற்காலை தோப்பு மேட்டில் எட்டுத் தடவை ஏறி இறங்குவது. அந்த நாட்களுக்கு மா. 1. ஞாயிற்றுக்கிழமை இனி மூன்று, ஏறும்போது நடுவில் ஒன்று.

டிசம்பர் 23, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் பருப்பு வேகிற வாசனையே குமட்டுகிறதாம். எதைத் தின்றாலும் வாயில் இரும்பை வைத்த மாதிரி இருக்கிறதாம். இருபது வருஷமாக அதே பருப்பு, அதே அண்டா, இப்போது என்ன புதுசாக?

உடம்பு கடுமையாக உழைக்கும்போது இப்படித்தான் இருக்கும். எல்லா ஓட்டக்காரர்களும் சொல்கிறார்கள்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஏற 2 மணி 35. மா. 3.

செங்காவியைத் தாண்டி மறுகல்லருகே உட்கார்ந்தவளுக்கு ஷூ ஏறவில்லை. நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். குனிந்து பார்த்தேன். சாக்ஸின் மேல்பட்டை பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அப்படியே நின்றது.

“என்னங்க, இது சரியில்லைங்க,” என்றாள்.

நடந்த கால் வீங்கத்தான் செய்யும், அதற்குத்தான் ஓட்டக்காரர்கள் ஒரு அளவு பெரிய ஷூ வாங்குகிறார்கள் என்று சொன்னேன். நாடாவை முழுசாக உருவிவிட்டுக் காலைத் திணித்தேன். 6 நிமிஷம் 10 நொடி. வீட்டு வாசலில், காலையிலிருந்து ஒண்ணுக்கே போகவில்லை என்றாள். ஓட்டத்தன்று இப்படி இருந்தால் அந்த நேரம் மிச்சம் என்று விளையாட்டாகச் சொன்னேன்.

ஜனவரி 3, சனி

மதுரையில் புது ஷூ. ஒன்றரை அளவு பெரிசு. அல்வா மாதிரி ஏறுகிறது. பிரச்சினை தீர்ந்தது.

ஓட்டத்துக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். எங்கள் தெருமுனை டாக்டர் இரண்டு பேருக்கும் உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். இரத்தம் ஏதாவது பார்க்கலாமா என்று இந்திராணி கேட்டாள். இப்போது பார்க்கக் கூடாது, பெரிய ஓட்டம் ஓடின உடம்பில் எல்லா எண்ணும் ஏறித்தான் இருக்கும், பார்த்தால் வீண் பயம் என்று நான்தான் சொன்னேன். இதுவும் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் சொன்னதுதான். டாக்டர் சீலைக் குத்தி நீட்டினார்.

ஜனவரி 11, ஞாயிறு

2 மணி 24! மா. 3. இந்த வேகத்தில் போனால் கடைசிச் சாவடியில் நாற்பது நிமிஷம் கையிருப்பு. வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது முடித்தோம் என்று இருக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு ஆசை இல்லை.

அவள் மத்தியானம் படுத்தவள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்தாள். கூந்தலை முடிந்துகொள்ளக் கை தூக்க முடியவில்லை என்றாள். நானே பின்னிவிட்டேன், கோணலாக வந்தது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

இன்று ஓட்டம் இல்லை. இந்திராணியின் அண்ணன் குபேந்திரன் கரும்போடு வந்தார். நிலக்கோட்டையில் பூ மண்டி வைத்திருக்கிறவர். உட்காரக்கூட இல்லை, தங்கச்சியின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

“மாப்ள, என்ன இவ மூஞ்சி இப்பிடி உப்பிக் கெடக்கு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?”

தூங்கி எழுந்த முகம் மச்சான் என்றேன். அவர் விடவில்லை. பிப்ரவரி எட்டு முடியட்டும், ஒன்பதாம் தேதி நானே கூட்டிப் போகிறேன் என்று சத்தியம் செய்தேன். இந்திராணி அடுப்படியிலிருந்து, “எனக்கு ஒண்ணுமில்லண்ணே,” என்றாள். அவள் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

ஜனவரி 18, ஞாயிறு

2 மணி 50. மா. 3. ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு. எழுதுவது திங்கள் காலை, மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில்

கடைசி நீண்ட ஓட்டம் என்று போனோம். கிளம்பும்போது ஒரு மாத்திரை. செங்காவி எல்லைக்கல்லில் ஷூவைக் கழற்றினாள். நானூறு மீட்டரை நடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் அளக்கவில்லை. மறுகல்லில் உட்கார்ந்ததும் புது ஷூவும் ஏறவில்லை.

“என்னங்க, போதும்ங்க,” என்றாள்.

நான் பதினொரு நிமிஷத்தைச் சொன்னேன். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே, அவள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். அவள் கையை நீட்டினாள். இரண்டாவது மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு செருப்பு மாதிரி மாட்டி எழுந்தாள். அரை கிலோமீட்டர் வந்திருப்பாள். பாதையோரத்தில் உட்கார்ந்தாள், அப்புறம் படுத்தாள். கூப்பிட்டால் கண் திறக்கிறாள், பேச்சு வரவில்லை.

ஊருக்குள் திரும்பி ஓடினேன். சடையாண்டியும் ஐந்து பேரும் மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி கொண்டுவந்தார்கள். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அவர்களுக்கு அதுதான் வண்டி. அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நுழையும்போது அவள் காலில் தொங்கிய ஷூவைச் சடையாண்டி கழற்றிக் கம்பளிக்குள் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாக, “சார், உங்க செருப்பு,” என்றார். நான் ஷூவோடு நடந்துகொண்டிருந்தேன். உதவி கேட்டு ஓடியபோதும் ஷூவோடுதான் ஓடியிருக்கிறேன். யாரும் திட்டவில்லை.

இறங்க 1 மணி 50. அவர்கள் எங்களைவிட வேகம்.

ஜனவரி 26, திங்கள்

சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லையாம். கிரியேட்டினின் 9.2. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. உடனே டயாலிசிஸ்.

சிறுநீரக டாக்டரம்மா சின்ன உருவம், நிதானமாகப் பேசுகிறார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். “வலி மாத்திரை ஏதாச்சும் எடுத்தாங்களா?” என்று கேட்டார். குபேந்திரன் என் தோளை இடித்துக்கொண்டு நின்றார்.

“எப்பவாவது ஒண்ணு,” என்றேன்.

இந்திராணி விழித்துத்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அது பொய் என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தானே.

ஜனவரி 29, வியாழன்

மூன்றாவது டயாலிசிஸ். நாலு மணி நேரம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. அலுவலகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் அவள் நைட்டி இரண்டும் சீப்பும் எடுத்து வந்தேன். நோட்டும் பையிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

முதுகில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஏதோ மருந்துதான் இதைச் செய்திருக்கிறது என்கிறார். நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

தீபாவளிக்கு அவள் தேனியில் ஒரு லேகியம் வாங்கினாள் என்று குபேந்திரனுக்கு ஞாபகம் வந்தது. உடனே பஸ் ஏறிப் போய் எங்கள் அலமாரியிலிருந்து அந்தப் புட்டியை எடுத்துவந்து டாக்டரம்மா மேசையில் வைத்தார். அந்தக் கடைக்காரனை வெட்டுவேன் என்று வராந்தாவில் கத்தினார். லேகியம் பாதிகூடக் காலியாகவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆமாம் என்று தலையாட்டினேனா இல்லையா என்பது நினைவில்லை.

ஆட்டினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

குபேந்திரன் சாப்பிடப் போயிருந்தார். இந்திராணி என்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னாள். குரல் தேய்ந்துபோயிருக்கிறது.

“டாக்டரம்மா என்னையத் தனியாக் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. நீங்களே சொல்லிருங்க.”

“நீயே சொல்லியிருக்கலாமே,” என்றேன். எவ்வளவு கேவலமான பேச்சு.

“நான் சொன்னா உங்களையக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். நீங்க சொன்னா அப்பிடி இல்ல.” என் பையைக் காட்டி, “நோட்டுல எழுதி வச்சிருக்கீங்கள்ல,” என்றாள்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 7, சனி

டாக்டரம்மா கையில் நோட்டைக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். ‘மா.’ என்றால் என்ன என்று மட்டும் கேட்டார். பென்சிலால் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டே போனார். நான் வீட்டிலேயே கூட்டிப் பார்த்திருந்தேன். முப்பத்தெட்டு. அது நான் கொடுத்தது. வீட்டில் பிரிட்ஜ் மேல் வைத்திருந்த அட்டையிலிருந்து முதுகு வலிக்கு அவளாக எடுத்தது எத்தனை என்று தெரியாது. தண்ணீரைக் குறைத்து மலையேற வைத்து, அதன்மேல் இந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது என்று பொறுமையாக விளக்கினார். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

“சார், இத அன்னைக்கே குடுத்திருந்தா பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே வேற மருந்து ஆரம்பிச்சிருப்பேன்.”

“சரியாகியிருக்குமா?”

“தெரியாது. வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்.”

பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். குபேந்திரனிடம் நானே போய்ச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் லேகியப் புட்டியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, “நகருங்க சார்,” என்று உள்ளே போனார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று ஓட்டம். ஜோடி எண் 41. போனை அணைத்து வைத்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

மருந்தை மாற்றி மூன்று வாரம். எண் இறங்கவில்லை. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், தேனிக்கே மாற்றிக் கொடுத்தார்கள்.

என் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரத்தம் பார்த்தார்கள். அவள் ஓ, நான் பி. சேராது. குபேந்திரன் ஓ, ஆனால் பதினைந்து வருஷச் சர்க்கரை, அவரிடம் எடுக்கக் கூடாது. அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறது. முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ண வேண்டாம் சார் என்றார்கள்.

என் உடம்பில் ஒரு குறையும் இல்லையாம். காலும் முட்டியும் இரும்பாம். டாக்டர் பாராட்டினார்.

மார்ச் 22, ஞாயிறு

சடையாண்டியின் கம்பளியைத் துவைத்து எடுத்துக்கொண்டு செங்காவிக்குப் போனேன். எல்லைக்கல்லில் ஷூவைக் கழற்றினேன். “அம்மா நடக்குதா?” என்று கேட்டார். நடக்கிறாள் என்றேன். அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க என்றார். சரி என்றேன். நேரம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

நேற்றோடு மூன்று மாதம். மூன்று மாதத்தில் திரும்பாதது இனித் திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்திராணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான் தண்ணீர். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். கூடினால் நுரையீரலில் போய் நிற்கும். காலை ஆறு மணிக்கு நான் அளந்து பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன். மலைக்குக் கொண்டுபோன அதே பாட்டில். அதில்தான் அளவுக்கோடு துல்லியமாக இருக்கிறது.

இன்று நெருப்பாகக் கொட்டும் வெயில். மத்தியானத்துக்குள் பாதிக்குமேல் போய்விட்டது. நாலு மணிக்கு அவள் உதட்டைத் தடவிக்கொண்டு, “ஒரு வாய் குடுங்களேன்,” என்றாள். இன்னும் அறுபதுதான் இருக்கிறது, ராத்திரி மாத்திரைக்கு வேண்டும் என்றேன்.

அவள் சிரித்தாள். “அப்பவும் நீங்கதான் அளந்து குடுத்தீங்க,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்தாள், இரண்டு மடக்குக் குடித்தாள், காலிப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்தாள். மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எழுதிக்கங்க,” என்றாள்.

தூரம் இல்லை. ஏற்றம் இல்லை. தண்ணீர், மாத்திரைக்கு வைத்ததையும் சேர்த்து, 700.